இஞ்சினியர் வருவார்

இடுப்பு நாரி பிடித்துவிட்டால் ஜேசுரட்ணம் இடது காலை ஒரு வெற்றுப் பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். அப்படி நின்றால் இடுப்புக்குக் கீழே இழுக்கிற இழுவை கொஞ்சம் விடும். விட்டு எங்கேயும் போகாது, வலது பக்கத்துக்கு மாறும். அன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்திருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் மூச்சு விட முடியவில்லை.

வுப்பர்டாலில் ஆற்றோரம் நிற்கிற சலவைத் தொழிற்சாலை அது. சுற்றுவட்டார ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அங்கே வரும். கழுவிப் பிழிந்த படுக்கை விரிப்புகள் ஒரே கட்டியாகத் தள்ளுவண்டியில் வந்து விழும். கட்டியை உடைத்து, ஒரு விரிப்பை உருவி, இரண்டு மூலைகளைத் தேடிப் பிடித்து, சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு மூலை ஜேசுரட்ணத்துக்கு, மற்ற மூலை மக்டலீனுக்கு. அவளும் மன்னார்ப் பக்கம்தான். கட்டின புருசனின் முகத்தைவிட இந்த மனுசனின் முகத்தைத்தான் நான் கூடப் பார்த்திருக்கிறேன் என்று பகிடி விடுவாள்.

"கிராங் லீவு எடுங்கோ அண்ணை. டொக்டர் எழுதித் தாறனெண்டவர்தானே. பேந்து ஏன் இஞ்ச நிண்டு நெளியிறியள்?"

"கிராங் எடுத்திட்டுச் சனிக்கிழமை கேவலார் மாதா கோவிலில நிக்கிறதை முதலாளி கண்டானெண்டால்?"

"அவன் எந்த நாள் மாதாவிட்டை வந்தவன்? போய் நாரிக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."

"இந்தமுறை நாரிக்கில்லை," என்றார் ஜேசுரட்ணம். "இஞ்சினியருக்கு."

மக்டலீன் விரிப்பை உருளைக்குள் விட்டுவிட்டுச் சிரித்தாள். "உங்களுக்கும் பிடிச்சிட்டுதோ அந்த விசர்?"

அந்த விசர் அந்த ஆடியில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவித்திருந்தார்கள். நிற்கிறோம் என்று சொன்னவர்களை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் முந்தியும் இருந்து பார்த்தவன், ஒருவன் முந்தி இருந்தவனின் ஆள், மற்றவனின் வாயில் தமிழ்ச் சனம் என்ற சொல்லே வராது. இவர்களில் ஒருவனுக்குப் போடத்தான் வேண்டுமா என்று சனம் சலித்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. உமாபதி என்கிற, ஓய்வுபெற்ற நீர்ப்பாசன இஞ்சினியர் ஒரு குளத்து அணைக்கட்டில், திறப்புவிழாக் கல்லின் பக்கத்தில் நின்று பேசுகிறார். "இந்தக் கல்லில என்ர பேர் வெட்டிக் கிடக்குது. மண் சுமந்த ஒரு மனுசற்ற பேரும் இல்லை. கழட்டுங்கோ கல்லை." பிறகு தானே அலவாங்குக் கம்பியை வாங்கிக் கல்லைக் கிண்டுகிறார்.

ஜேசுரட்ணத்தின் தாய் உப்பளத்தில் உப்புச் சுமந்தவள். அந்த வீடியோவை அவர் எத்தனை தடவை பார்த்தார் என்பது பெண்சாதி பேர்பெச்சுவாவுக்குத்தான் தெரியும். அவர் ஊரில் இருந்த காலத்தில் வாக்குப் போட்டதே இல்லை. வயது வந்தபோது சண்டையால் தேர்தலன்று ஊர் பூட்டிக் கிடந்தது, அதற்குப் பிறகு அவர் ஊரில் இல்லை. ஜேர்மன் பாஸ்போட் கிடைத்த பிறகு இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் போய்ப் போடுகிறார். யாருக்கு என்று கேட்டால், மகள் சொல்லுகிற ஆளுக்கு. தன் மனதுக்குப் பிடித்த ஒரு மனுசனுக்கு ஒருதடவையாவது, கையால் முடியாவிட்டால் வாயாலாவது, வாக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"அந்தாள் தேர்தல் கேக்கிறனெண்டு எப்ப சொன்னது?" என்றாள் மக்டலீன்.

"இல்லையெண்டும் சொல்லேல்லைத்தானே."

சனிக்கிழமை கேவலாரில் நல்ல வெயில். மாதாவின் திருத்தலத்துக்கு ஐரோப்பா முழுக்க இருந்து தமிழ்ச் சனம் வந்து குவிகிற நாள். பூசை முடிந்து மரநிழல்களில் பாய் விரித்துப் புட்டும் இறைச்சிக் குழம்பும் அவிழ்க்கத் தொடங்கினார்கள். லெம்பேட் பாய்க்குப் பாய் வந்துகொண்டிருந்தார். அவர் ஜேசுரட்ணத்தின் அதே கரையூர்க்காரர். வுப்பர்டாலில் இருந்து பஸ் ஒழுங்குபண்ணுகிறவர், ஒலிவாங்கியைக் கண்டால் கையை விட்டு விடாதவர்.

"ஊரில உங்கட வீட்டில எத்தினை வோட்டு, அக்கா?" என்று பக்கத்துப் பாயில் கேட்டார்.

"ஆறு. மருமகன் கொஞ்சம் மற்றப் பக்கம் சாயிற ஆள். அஞ்சரையெண்டு போடுங்கோ."

பாய் முழுக்கச் சிரித்தது. சிரித்தாலும் லெம்பேட் அஞ்சரையை வாய்க்குள் கூட்டிக்கொண்டார். அந்தப் பாய்களில் இருந்த ஒருவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. ஆனால் மாதம் தவறாமல் காசு போகிற வீட்டில் இருக்கிற வாக்குகளும் தங்களுடையவைதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மகளின் கலியாணத்தையும் கூரையின் தகரத்தையும் முடிவு பண்ணுகிறவர்கள் இதையும் முடிவு பண்ணினார்கள்.

"ஜேசு அண்ணை, உங்கட தம்பியின்ர வீடு?"

"நாலு. அரைவாசி கால்வாசியெல்லாம் இல்லை. முழு நாலு."

"அப்ப இப்பவே அடிச்சுச் சொல்லுங்கோ. நாளைக்கு அங்க பெரிய கட்சிக்காரங்கட கூட்டம். எங்கட சனம் ஒண்டும் போகக்கூடாது. வேட்புமனு நாளுக்கு இஞ்சினியர் இறங்கேக்க ஊர் சுத்தமா இருக்கவேணும்."

ஜேசுரட்ணம் அங்கே இருந்தே தம்பி கிறிஸ்ரியனுக்குப் போன் எடுத்தார். கிறிஸ்ரியன் கடலுக்குப் போகிறவன். சொந்தமாக ஒரு வள்ளம், ஜேசுரட்ணம் அனுப்பிய என்ஜின். பிரச்சினை வள்ளத்தில் இல்லை, அதை ஏற்றி நிறுத்துகிற துறையில். காலங்காலமாக வள்ளங்கள் ஏறின கரையை ஒரு இறால் பண்ணைக்காரன் வாங்கினேன் என்று சொல்லி வேலி போட்டுவிட்டான். கிறிஸ்ரியன் வள்ளத்தை வேறொரு ஊரின் கரையில் கெஞ்சி விட்டு, மீனைத் தலையில் வைத்து வெயிலில் நடந்துகொண்டிருந்தான். பெரிய கட்சி ஒன்றின் அமைப்பாளர் வந்து, வேலியில் ஒரு படலை திறந்து கொஞ்ச வள்ளங்களுக்கு இடம் எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குக் கூலி, கூட்டத்துக்கு வர வேண்டும், வாக்கும் அந்தப் பக்கம் விழ வேண்டும். கிறிஸ்ரியனின் பெயரும் அவருடைய பட்டியலில் இருந்தது.

"அண்ணை, நாளைக்குக் கூட்டம்," என்றான் கிறிஸ்ரியன். பின்னால் காற்று இரைந்தது. "போனால்தான் துறைக்குப் பேர் நிக்கும்."

"போகாதை. எங்கட ஆள் வாறார்."

"ஆர்?"

"இஞ்சினியர். வீடியோ அனுப்பினன் பாத்தனியோ?"

"பாத்தனான். நல்ல மனுசன்தான். அவர் கேக்கிறாரோ அண்ணை?"

"கேப்பார். அப்பிடிப்பட்ட ஆக்கள் முன்னுக்கு வந்து நிண்டு கையாட்டமாட்டினம். கடைசி நாளிலதான் இறங்குவினம். அவர் வந்தால் படலையென்ன, வேலியே நிக்காது."

லெம்பேட் கையை நீட்டிப் போனை வாங்கினார். "தம்பி, நான் லெம்பேட். என்ர மச்சானுக்கும் சொல்லிப்போட்டன். அவனும் நாளைக்குப் போகான். ஒருத்தரும் போகினமில்லை. விளங்கினதோ?"

போன் திரும்பி ஜேசுரட்ணத்தின் கைக்கு வந்தது.

"நீங்கள் சொன்னால் சரி அண்ணை," என்றான் கிறிஸ்ரியன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பேர்பெச்சுவா அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு போத்தல் சுடுதண்ணீரைத் துவாயில் சுற்றி வைத்தாள். "என்னப்பா, அவனுக்கு நீங்கள் சொல்லேக்க யோசிச்சுச் சொல்லவேணும். உங்கட பேச்சுக்கு அவன் மறுபேச்சுக் கதைச்சதில்லை. அந்தத் துறை அவன்ர சோறு."

"சோத்துக்குத்தானே நானும் சொல்லுறன்."

"உங்கட சோறு இஞ்ச இருக்குது," என்றாள் அவள்.

வேட்புமனுவுக்கு முதல்நாள் மத்தியானத்தோடு கட்டுப்பணம் கட்டுகிற நேரம் முடிந்தது. கட்டினவர்களின் பெயர்களைச் செய்தியில் வாசித்தார்கள். இஞ்சினியரின் பெயர் இல்லை. ஜேசுரட்ணம் லெம்பேட்டுக்கு எடுத்தார்.

"உதுக்கெல்லாம் பயப்பிடாதேங்கோ அண்ணை. வேற ஒருத்தற்ற பேரிலை கட்டியிருக்குது. நாளைக்கு அந்த ஆளைத் தள்ளிப்போட்டு இவர் கையெழுத்து வைப்பார். நம்பிக்கையான இடத்தில இருந்து வந்த கதை."

"ஆர் சொன்னது?"

"அதைப் போனில கதைக்கேலாது."

ஜேசுரட்ணம் நம்பினார். அன்றைக்கு யாராவது வந்து கட்டுப்பணமே தேவையில்லை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்.

மறுநாள் காலை இடைவேளை மணி அடித்தபோது இலங்கையில் வேட்புமனு வாங்குகிற நேரம் முடிந்துவிட்டது. உருளை மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடக்கூடிய இடுப்பாக இல்லாததால் ஜேசுரட்ணம் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். லெம்பேட் அனுப்பின பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. முதலாவதை அழுத்தினார்.

"வந்திட்டார்! அண்ணை, வந்திட்டார்! வெள்ளைச் சேட். படியேறுறார். நான் நேரடி ஒளிபரப்பிலை பாக்கிறன், மாதாவாணை அவர்தான்!"

ஜேசுரட்ணம் வாங்குப் பலகையில் இருந்தார். பக்கத்தில் வந்த மக்டலீனிடம் போனை நீட்டினார். மக்டலீன் கேட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். "மெய்யாத்தான் வந்திட்டுதே மனுசன்," என்றாள். ஜேசுரட்ணம் எழும்பிப் போய் இயந்திரத்தில் காசு போட்டு எல்லோருக்கும் கோப்பி எடுத்தார். தனக்கு, மக்டலீனுக்கு, ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்த போலந்துக்காரிக்கும் ஒன்று. என்ன விசேசம், பேரப்பிள்ளையா என்று அவள் ஜேர்மனில் கேட்டாள். அதைவிடப் பெரிது என்றார் அவர்.

பிறகுதான் அடுத்த பதிவைத் திறந்தார். அது குரல் இல்லை, படம். இஞ்சினியர் உமாபதி வெள்ளைச் சேட்டோடு நிற்கிறார். அவருக்கு முன்னால் கதிரையில் இருந்து கையெழுத்து வைக்கிறவர் பெரிய கட்சியின் வேட்பாளர். கிறிஸ்ரியனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்ட அதே கட்சி. இஞ்சினியரின் கை அந்த மனுசனின் கதிரையின் முதுகில் இருந்தது.

அதற்குக் கீழே ஒரு வீடியோ. வெளியே வந்த இஞ்சினியரிடம் ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள். சனம் உங்களை எதிர்பார்த்ததே என்கிறார்கள். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கிறது. "நான் கேக்கிறனெண்டு ஒருநாளும் சொல்லேல்லையே. எங்கட பக்கத்தில ஒரு குளம் உடைஞ்சு கிடக்குது. இவர் திருத்தித் தாறனெண்டார். அதுக்குத்தான் வந்து நிண்டனான்."

ஜேசுரட்ணம் அதை இரண்டாம் தரம் போடவில்லை. ஒரு குளத்துக்காக வந்து நின்றேன் என்கிறார். கிறிஸ்ரியன் ஒரு துறைக்காகப் போய் நிற்கப் பார்த்தான். ஜேசுரட்ணம்தான் அவனைப் போகாதே என்றவர்.

மணி அடித்தது. திரும்பவும் உருளைக்கு முன்னால் நின்று மூலைகளைத் தேடினார்கள். மக்டலீன் தன் மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தம்பி அண்டைக்குக் கூட்டத்துக்குப் போகேல்லையோ அண்ணை?"

"போகேல்லை. நான் சொன்னனான்."

"மெய்யாவே போகேல்லையோ?"

"போகேல்லையெண்டு சொல்லுறன்."

அவள் விரிப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். உருளை வெறுமனே சுழன்றது. "அண்ணை, எங்கட அக்கா அந்தக் கூட்டத்தில முன்வரிசையில இருந்தவ. முதல்நாள் எனக்குப் போனில ஓம், ஓம், இஞ்சினியருக்குத்தான் எண்டவ. எனக்குத் தெரியும் அவ போவா எண்டு. அவவுக்குத் தெரியும் எனக்குத் தெரியுமெண்டு. இஞ்சயிருந்து நாங்கள் சொல்லுறதும், அங்கயிருந்து அவை ஓமெண்டுறதும், பேந்து அவை தங்கட பாட்டில செய்யிறதும்... எல்லா வீட்டிலயும் உப்பிடித்தானே நடக்கிறது. உங்கட தம்பிக்கு இது தெரியாதே?"

"அவனுக்கு நான் சொன்னால் சொன்னது," என்றார் ஜேசுரட்ணம்.

"ஐயோ அண்ணை," என்றாள் மக்டலீன். பிறகு விரிப்பை உள்ளே விட்டாள்.

வேலை முடிந்து, ஆற்றுக்கு மேலே ஓடுகிற தொங்குரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றபடி தம்பிக்கு எடுத்தார். இந்தத் தடவை காற்று இல்லை. வீட்டில் இருந்தான்.

"கிறிஸ்ரியன், நாளைக்கே அமைப்பாளரிட்டைப் போ. அண்டைக்குக் காய்ச்சலெண்டு சொல்லு."

"ஏலாது அண்ணை."

"ஏன் ஏலாது? இஞ்சினியரே அந்தப் பக்கம் போயிட்டார். நீ போறதில என்ன வெக்கம்?"

"வெக்கத்துக்கில்லை. கூட்டத்தண்டு காலமை அவர் வீட்டு வாசலுக்கே வந்தவர். இவ்வளவு சனத்துக்கும் முன்னால, வாறியோ எண்டு கேட்டவர். நான் சொல்லிப்போட்டன், எங்கட அண்ணை இஞ்சினியருக்கெண்டு சொல்லிப்போட்டார், எங்கட நாலு வோட்டும் அங்கதான் எண்டு. சிரிச்சவங்கள். அவர் சிரிக்கேல்லை. என்ர பேரை எடுத்துப்போட்டார்."

"காய்ச்சலெண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாமேயடா."

"நீங்கள் பொய் சொல்லச் சொல்லேல்லையே அண்ணை."

அதை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னான். ரயில் வந்து நின்று, சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஜேசுரட்ணம் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, கோவில் மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். லெம்பேட் ஒலிவாங்கி இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்கக் கதைத்துக்கொண்டிருந்தார். "இஞ்சினியர் காரணமில்லாமல் ஒரு அடி வைக்கமாட்டார். அவர் போன பக்கம் நாங்களும் போறம். எல்லாரும் வீட்டுக்கு எடுத்துச் சொல்லுங்கோ." சனம் தலையாட்டியது. போன வாரம் மற்றப் பக்கத்துக்குத் தலையாட்டிய அதே சனம்.

ஜேசுரட்ணம் அவரைச் சுவரோரமாகக் கூப்பிட்டார். "லெம்பேட், உம்மட மச்சான் அண்டைக்குக் கூட்டத்துக்குப் போனவனோ?"

"அது... சும்மா பேருக்குப் போனவன் அண்ணை. தலையைக் காட்டிப்போட்டு வந்தவன்."

"போகானெண்டு என்ர தம்பிக்குச் சொன்னீர். என்ர போனில சொன்னீர்."

"நானும் அவனுக்குப் போகாதை எண்டுதான் சொன்னனான். அவன் ஓமெண்டவன். அவன் போனதுக்கு நான் என்ன செய்ய? இஞ்சயிருந்து கட்டி வைக்கேலுமே?"

"அவனுக்குத் துறை கிடைச்சதோ?"

லெம்பேட் தேத்தண்ணீர்க் கோப்பையை வாயில் வைத்தார். அதில் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. "ஒரு இடம் காலியா இருந்ததாம்," என்றார்.

ஜேசுரட்ணத்துக்கு அந்த மனுசனின் சேட்டைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்கினால் நாரி இழுக்கும். கையைத் தூக்கினாலும் என்ன சொல்லி உலுக்குவது? லெம்பேட் போனில் சொன்னது ஒரு பொய். அந்தப் போனை அவருடைய கையில் கொடுத்தது யார்?

வாக்களிப்புக்கு முந்திய வாரம் வேலியில் படலை திறந்தார்கள். வள்ளங்கள் ஏறுகிற படத்தை யாரோ வுப்பர்டால் வட்ஸ்அப் குழுமத்தில் போட்டார்கள். அமைப்பாளர் மாலையோடு நின்றார். லெம்பேட்டின் மச்சான் வள்ளத்தின் முன் அணியத்தைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றான். இஞ்சினியரும் வந்திருந்தார். பிறகு தேர்தல் நடந்தது. பெரிய கட்சிக்காரர் தோற்றார், வேறொருவர் வென்றார். படலையை ஒருவரும் திரும்பப் பூட்டவில்லை. புதிதாக ஒரு வள்ளத்தை உள்ளே விடவும் இல்லை. இஞ்சினியரின் குளம் உடைந்தபடி கிடக்கிறது என்று செய்தியில் வந்தது. தேர்தலன்று கிறிஸ்ரியன் வீட்டின் நாலு பேரும் போய் யாருக்குப் போட்டார்கள் என்று ஜேசுரட்ணம் கேட்கவில்லை.

ஐப்பசியில் கடல் குழம்பியபோது, வள்ளத்தை இரவல் கரையில் விட வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்ரியன் வள்ளத்தையும் என்ஜினையும் சேர்த்து விற்றான். இப்போது கூலிக்குக் கடலுக்குப் போகிறான். போகிற வள்ளம் லெம்பேட்டின் மச்சானுடையது. ஏறுவதும் இறங்குவதும் அந்தப் படலைக்குள்ளால்தான்.

ஜேசுரட்ணம் காசு அனுப்பினார். கிறிஸ்ரியன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போன் எடுத்தான். "காசு வேண்டாம் அண்ணை. நீங்கள் குனிஞ்சு உழைக்கிற காசு. வேற வள்ளம் வாங்கிறதெண்டாலும் விடுறதுக்கு இடமில்லை. நீங்கள் நாரியைப் பாருங்கோ." பிறகு தன் மகள் அஞ்சலாவின் படிப்பைப் பற்றிக் கதைத்தான், மழையைப் பற்றிக் கதைத்தான். அவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் ஜேசுரட்ணம் அன்றைக்கு நித்திரை கொண்டிருப்பார்.

மார்கழிக்குக் கிட்ட, கோவில் மண்டபத்தில் ஆட்கள் அடுத்த தேர்தலைக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். கொழும்பில் ஒரு டொக்டர் இருக்கிறாராம். கைராசிக்காரர், ஒரு சதம் வாங்கமாட்டாராம். இப்போதைக்கு வாய் திறக்கமாட்டாராம், ஆனால் கடைசியில் வருவாராம். ஜேசுரட்ணம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பூசை முடிந்த கையோடு வீட்டுக்கு நடந்தார். பேர்பெச்சுவா பின்னால் ஓடி வந்து சேர்ந்தாள்.

"தேத்தண்ணியும் குடியாமல் ஏன் இந்த நடை? நாரி பிடிக்கப்போகுது."

அவர் நிற்கவில்லை. "அவனுக்குக் குடுக்க வேண்டிய கடன் கிடக்குது," என்றார்.

"ஆருக்கு, தம்பிக்கோ? அவனுக்கு என்ன கடன்? என்ஜின் அனுப்பினனீங்கள், வீட்டுக்குக் கூரைச் சீற் அனுப்பினனீங்கள், தங்கச்சியின்ர கலியாணத்துக்கு அனுப்பினனீங்கள். அவனுக்கெல்லோ கடன்."

"துறை," என்றார் ஜேசுரட்ணம். "வேலிக்கு உள்ளுக்கு அவன்ர வள்ளம் ஏத்த இருந்த இடம். அதை நான்தான் இல்லாமல் செய்தனான். அதை இன்னும் குடுக்கேல்லை."